மூன்று நாளில் கட்டுரை ஏற்கும் சஞ்சிகைகள்: மலையக ஆய்வு மாணவர்கள் கவனத்துக்கு

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் முதுமாணி ஆய்வு இப்போது யாருக்கும் பயன்படாத ஓர் இடத்தில் மாட்டிக்கிடக்கிறது. சாதாரண தரத்துக்கு முன்பே பிள்ளைகள் இடைவிலகுவதைப் பற்றிய நல்ல கட்டுரை அது. மாநாட்டுச் சுருக்கத் தொகுப்பில் அவருடைய மின்னஞ்சல் வெளியானதும், "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று விளித்து ஒரு "சர்வதேசத் திறந்த அணுக்கச் சஞ்சிகை" கட்டுரை கேட்டது. அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பாய்வு என்று வந்தது இரண்டே வரி: "சிறந்த ஆய்வு. ஆங்கிலத்தைச் சற்றுத் திருத்தவும்." கூடவே 180 டொலருக்கு ஒரு பில். பணம் போனபின் இணையத்தில் ஏறிய கட்டுரையில் அட்டவணைகள் இடம் மாறியிருந்தன, உசாத்துணைப் பட்டியலில் பாதியைக் காணோம். கட்டுரையை மீளப் பெறக் கேட்டதற்கு இன்னும் 250 டொலர் என்றார்கள். பதவி உயர்வு நேர்முகத்தில் அதற்குப் புள்ளி கிடைக்கவில்லை. வேறு சஞ்சிகைக்கு அனுப்பினால் "ஏற்கெனவே வெளியானது" என்று திரும்பி வருகிறது.

இதற்காகத் திறந்த அணுக்கத்தைப் பழிப்பது நியாயமில்லை. 2002இல் புடாபெஸ்ட் பிரகடனம் கேட்டது, ஆய்வை எவரும் காசில்லாமல் வாசிக்க வேண்டும் என்பதைத்தான். சந்தா கட்ட வழியில்லாத நமக்கு அது பெரிய வாசல். ஆனால் செலவை எழுதுபவரிடம் வாங்கும் முறை வந்ததும், கட்டுரையை மறுத்தால் வருமானம் போய்விடும் என்ற நிலையும் கூடவே வந்தது. 2013இல் 'சயன்ஸ்' சஞ்சிகைக்காக, வேண்டுமென்றே பிழைகள் நிரப்பிய ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்கச் சஞ்சிகைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 157 ஏற்றுக்கொண்டன.

நம்மவர்கள் பார்க்காமல் அனுப்புவதில்லை. பார்க்கும் இடம்தான் தவறு. ஐ.எஸ்.எஸ்.என் இலக்கம் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அது வெறும் அடையாள இலக்கம், கேட்கும் எவருக்கும் கிடைக்கும், தரத்துக்குச் சான்றல்ல. "உலகத் தாக்கக் காரணி 6.2" என்ற மாதிரி எண்களையும் நம்பாதீர்கள். ஒரு சஞ்சிகையின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்லும் எண்தான் தாக்கக் காரணி. அப்படி ஆய்வுலகம் ஏற்பது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடுவதை மட்டும்தான்.

இவற்றைவிட ஆபத்தானது திருடப்பட்ட சஞ்சிகை. உண்மையான ஒரு சஞ்சிகையின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என்னையும் அப்படியே எடுத்து வேறு முகவரியில் தளம் நடத்துகிறார்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்வுச் சஞ்சிகைத் தரவுத்தளத்தில் தேடினால் பெயர் வரும், இலக்கமும் பொருந்தும், ஆளும் ஏமாறுவார். ஆகவே மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாதீர்கள். டி.ஓ.ஏ.ஜே எனப்படும் திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் கோவைக்குப் போய் இலக்கத்தால் தேடி, அங்கே கொடுத்திருக்கும் முகவரி வழியாக மட்டும் தளத்துக்குள் நுழையுங்கள். மின்னஞ்சலில் வந்த முகவரியும் இதுவும் ஒத்துவராவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். பிறகு அந்தத் தளத்தில் பழைய கட்டுரை ஒன்றின் டி.ஓ.ஐ எனப்படும் நிரந்தர அடையாள இலக்கத்தை, 10 என்று தொடங்குவதை, டி.ஓ.ஐ தளத்தில் இட்டுப் பாருங்கள். அதே கட்டுரை திறக்க வேண்டும். ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு, "நீங்கள் இதில் இருக்கிறீர்களா?" என்று ஒரு வரி எழுதுங்கள். தம் பெயர் அங்கே கிடப்பதே தெரியாதவர்கள் உண்டு.

காசு கட்டாமலும் வெளியிடலாம். டி.ஓ.ஏ.ஜேயில் உள்ள சஞ்சிகைகளில் பெரும்பாலானவை எழுதுபவரிடம் கட்டணம் வாங்குவதில்லை; அவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கவும் அங்கே வசதி உண்டு. நம் நாட்டுச் சஞ்சிகைகளுக்கு, தேசிய விஞ்ஞான மன்றம் பேணும் 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தை முதலில் பாருங்கள். பேராதனையிலிருந்து வரும் 'சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ்', 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரல் ரிசேர்ச்' இரண்டும் அங்கே இருக்கின்றன. தேயிலை, மண், பயிர்நோய் பற்றி எழுதுபவர்கள் இவற்றை விட்டுவிட்டு வெளிநாட்டு மின்னஞ்சலுக்குப் பின்னால் ஓடுவது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டணம் வாங்கும் நல்ல சஞ்சிகையானால், கட்டுரையை அனுப்பும்போதே கட்டண விலக்குக் கேளுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பல பதிப்பகங்கள் பரிசீலிப்பதில்லை.

ஏற்கெனவே அகப்பட்டவர்களுக்கு: கட்டுரையை மீளப்பெறும் கட்டணம் என்று கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பதிப்புரிமைப் படிவத்தில் இன்னும் கையெழுத்திடவில்லையென்றால் இனியும் இடாதீர்கள். கட்டுரையை மீளப் பெறுவதாகத் திகதியிட்டு மின்னஞ்சல் அனுப்பி, பிரதியை உங்கள் மேற்பார்வையாளருக்கும் சேர்த்துப் போடுங்கள். கடனட்டையில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் எழுத்துமூலம் முறைப்பாடு செய்யுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. வேறு சஞ்சிகைக்கு அனுப்பும்போது மறைக்காதீர்கள். நடந்ததை ஆசிரியருக்கான கடிதத்திலேயே சொல்லி, மீளப் பெற்ற மின்னஞ்சலையும் அந்த இரண்டு வரி மதிப்பாய்வையும் இணையுங்கள். எல்லாரும் ஏற்கமாட்டார்கள், ஆனால் மறைத்தது பின்னால் தெரியவந்தால் இரட்டை வெளியீடு என்ற குற்றம் உங்கள் பெயரில் விழும்.