கிக் ஸ்கூட்டர் வாங்கும் முன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்

என் மகளுக்கு 9 வயது. இரண்டு மாதம் முன்பு அவள் தாடையில் 4 தையல் போட வேண்டி வந்தது. சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் நான் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கிய கிக் ஸ்கூட்டர்தான் காரணம். கடைகளில் இதை ஸ்கேட்டிங் ஸ்கூட்டர் என்றும் சொல்வார்கள். ஒரு காலைப் பலகையில் வைத்து மறு காலால் தரையை உந்தி ஓட்டுவது. முழு ஆண்டு லீவு வந்தால் தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருக்கும் நம்மில் பாதிப் பேர் விளையாட்டுச் சாமான் வாங்க அந்தக் கடைத்தெருவுக்குத்தான் போவோம். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் பையன் கேட்ட முதல் கேள்வி, “என்ன கலர்க்கா வேணும்? லைட் எரியுற வீலா, சாதா வீலா?” யார் ஓட்டப் போகிறார்கள், எத்தனை கிலோ, வீட்டு மாடியிலா தெருவிலா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்: “என் பொண்ணு 31 கிலோ இருக்கா, தாங்குமா தம்பி?” அவன் பெட்டியின் மேல் இருந்த ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினான். 100 கிலோ என்று போட்டிருந்தது. “நீங்களே ஏறி நில்லுங்கக்கா” என்றான். கடையின் வழவழப்பான டைல்ஸ் தரையில் ஏறி நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. அங்கேதான் நான் ஏமாந்தேன். அசையாமல் நிற்கும்போது தாங்குவது வேறு, ஓடும் வேகத்தில் ஒரு மேட்டில் இடித்து அந்த அதிர்ச்சியைத் தாங்குவது வேறு.

பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘ஸ்கூட்டர் 1 – 2400’ என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. ஜிபே பண்ணினால் பணம் கடைப் பெயருக்குப் போகாமல் வேறு யாரோ ஒருவர் பெயருக்குப் போனது. கூட்டம் நெருக்குகிறது, பிள்ளை கையைப் பிடித்து இழுக்கிறாள், கிளம்பி வந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் சாயந்திரம். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடி ரோட்டைவிட இரண்டு விரற்கடை மேலே நிற்கும். முன் வீல் அதில் இடித்ததும், ஹேண்டிலை மடிக்கிற இடத்தில் இருந்த லாக் தெறித்துவிட்டது. ஹேண்டில் அப்படியே முன்னால் சாய, பிள்ளை அதோடு சேர்ந்து தாடை தரையில் பட விழுந்தாள். ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தையல் போடும்போது அவள் அழுததைவிட, “அம்மா, நான் வேகமா ஓட்டலம்மா, தானா மடிஞ்சிடுச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பலகையின் அடியிலும் அதே 100 கிலோ ஸ்டிக்கர் இருந்தது. ஒரு ஓரம் தூக்கியிருந்தது. நகத்தால் மெதுவாக உரித்தால், அடியில் பிளாஸ்டிக்கிலேயே அச்சாக எழுந்து நிற்கிறது: ‘மேக்ஸ் 20 கேஜி’. கை வைத்துத் தடவினாலே எழுத்து தெரிகிறது. தயாரித்தவர்கள் 20 கிலோ பிள்ளைக்கு என்று செய்ததை, யாரோ ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து 31 கிலோ பிள்ளைக்கு விற்கவைத்திருக்கிறார்கள். லாக்கைப் பார்த்தால் இரும்பே இல்லை. தீக்குச்சித் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு, அதைத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். நாக்கின் முனை ஒன்பது நாளில் மழுங்கியிருந்தது.

மறுநாள் கடைக்குப் போனோம். “வாங்குறப்ப நல்லாத்தானே இருந்துச்சு? இது வீட்டுக்குள்ள ஓட்டுற பொம்மைக்கா, ரோட்டுல விட்டா நாங்க என்ன பண்றது?” என்றார் முதலாளி. முந்தின வாரம் நூறு கிலோ ஆள் ஓட்டலாம் என்று விற்ற அதே சாமான். ஸ்டிக்கரையும் அச்சையும் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. “பில் இருக்கா?” என்றார்.

அதற்கப்புறம்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகள், விளையாட்டுச் சாமான்களைச் சில விலக்குகள் தவிர 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் இந்தியாவில் விற்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து இறக்கியதானாலும் அதேதான். மின்சாரத்திலோ பேட்டரியிலோ இயங்காத பொம்மைகளுக்கான தர எண் ஐ.எஸ். 9873. முத்திரைக்கு மேலே இந்த எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் பிஐஎஸ் அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ என்ற ஆப்பில் அந்த லைசென்ஸ் எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயரும், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதும் வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம், ஒரு நிமிடம்தான் ஆகும். நான் வாங்கிய பெட்டியில் சி.இ. என்ற இரண்டு எழுத்து மட்டும்தான் இருந்தது. அது ஐரோப்பாவுக்கான குறி, இங்கே ஐ.எஸ்.ஐ.க்கு மாற்றாகாது.

பில் தராமல் விற்பதும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் திரும்ப எடுக்கும் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். கையில் இருப்பது ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பாதி உரித்த ஸ்டிக்கரோடு அந்த ஸ்கூட்டர். ஒழுங்கான பில் மட்டும் இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

சரி, அப்படியென்றால் எதைத்தான் வாங்குவது? தையல் பிரித்ததும் மகள் மறுபடி கேட்டாள். விழுந்த பயத்தோடு அவளை விட்டுவிட எனக்கு மனசில்லை, இந்தத் தடவை நிதானமாகத் தேடினேன். மூன்று வீல் வண்டி, உடம்பைச் சாய்த்தால் திரும்புவது, இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு நல்லது. 9 வயதுப் பிள்ளை அதில் வேகமாகப் போனால் சட்டென்று திரும்ப முடியாது. இரண்டு வீலில் மடங்காத, ஹேண்டில் குட்டையான ஒரு வகை இருக்கிறது. அது ஸ்கேட் பார்க்கில் குதித்து வித்தை காட்டுகிறவர்களுக்கானது. வீல் சின்னது, கெட்டியானது, நம் தெருவுக்கு ஒத்தே வராது.

நம் ஏரியாவுக்கு முக்கியம் வீல் அளவுதான். குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்கள், பெயர்ந்த பேவர் பிளாக், போதாததற்கு வேகத்தடை. 10 சென்டிமீட்டர் வீல் சின்னப் பிளவில்கூடச் சிக்கி நின்றுவிடும். வண்டி நிற்கும், பிள்ளை நிற்க மாட்டாள். 20 சென்டிமீட்டர் வீல் அதே பிளவைத் தாண்டிப் போய்விடும். வீல் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, பி.யு. (பாலியூரித்தேன்) என்று கேளுங்கள். நகத்தால் அழுத்தினால் ரப்பர் மாதிரி லேசாக அழுந்தும். பிளாஸ்டிக் டொக்கென்று சத்தம் போடும், ஈரத் தரையில் அதிகமாக வழுக்கும். வீலைக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகர என்றால் பேரிங் சரியில்லை. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், மழையில் ஓட்டினால் துடைத்து வையுங்கள்.

ஹேண்டில் பலகையில் நிற்கும் பிள்ளையின் இடுப்புக்கும் தொப்புளுக்கும் நடுவில் வரவேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் குனிந்தே ஓட்டுவாள். வளரும் பிள்ளை என்பதால் உயரம் ஏற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். லாக் இரும்பாக இருக்க வேண்டும். பூட்டிய பிறகு முன் வீலை இரண்டு காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். லொடலொட என்றால் வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

நாங்கள் பிறகு வாங்கியது 4,800 ரூபாய், முறையான பில்லோடு. ஹெல்மெட் தனியாக 650. மகள் இப்போது காலை ஏழு மணிக்குள் தெருவில் ஓட்டுகிறாள், நான் கூடவே நடக்கிறேன். டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) பக்கம் எந்த ஸ்கூட்டரும் வேண்டாம், அங்கே கன்டெய்னர் லாரி ஓடுகிறது.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் இன்றே அதைக் கவிழ்த்து, பலகையின் அடியில் எடை ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பாருங்கள். அடியில் வேறு எண் தெரிந்தால் முழுதாக உரித்துவிடாதீர்கள். இரண்டு எண்ணும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.