சீட் உயரம் மட்டும் போதுமா? ஓட்டிப் பழகுபவருக்கு நான்கு சின்ன குரூசர்கள்

பைக் ஓட்டப் பழகுகிறேன், எதை வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும், "சின்னதா ஒரு குரூசர் பாரு, கால் நல்லா ஊனும்" என்பார்கள். சீட் தாழ்வாக, உடல் நீளமாக உள்ள வண்டியைத்தான் குரூசர் என்கிறார்கள். அவர்கள் சொல்வது பாதி சரி. இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தால் சிக்னலில் நிற்கும்போது வருகிற படபடப்பு போய்விடும். ஆரம்பத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் புதியவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் நேராக நிற்கும்போது அல்ல. ஆள் நடக்கிற வேகத்தில், ஹேண்டிலை ஒடித்துத் திருப்பும்போதுதான். அதனால் இந்த அலசலில் முதல் கேள்வி அதுதான்: எட்டு போடுகிற வேகத்தில் எந்த வண்டி பேச்சைக் கேட்கிறது? பவர், டாப் ஸ்பீடு எல்லாம் அப்புறம்.

நான்கு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். ஹோண்டா ரெபெல் 300, ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, யமஹா வி ஸ்டார் 250, சுசுகி எஸ்40. இவற்றில் எஸ்40 பழைய கை. 1986இல் எல்எஸ்650 சாவேஜ் என்ற பெயரில் வந்து, 2005இலிருந்து எஸ்40 ஆனது. இப்போது தயாரிப்பில் இல்லை, பழைய வண்டியாகத்தான் கிடைக்கும். பழகுபவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பவர்கள் இன்னும் இருப்பதால் சேர்த்திருக்கிறேன்.

முதலில் காகிதத்தில் உள்ள எண்கள். சீட் உயரம்: வி ஸ்டார் 685 மி.மீ., ரெபெல் 690, எஸ்40 700, மீட்டியார் 765. பெட்ரோல், ஆயில் சேர்த்த எடை: வி ஸ்டார் சுமார் 147 கிலோ, ரெபெல் 165 (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் இன்னும் கொஞ்சம்), எஸ்40 173, மீட்டியார் 191. இதை மட்டும் பார்த்தால் வி ஸ்டாருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மீட்டியார் கடைசி.

ஆனால் விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் போடாத வேறு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. ரெபெலில் 28 டிகிரி, வி ஸ்டாரில் 32, எஸ்40இல் 35. ஃபோர்க் அதிகம் சாய்ந்தால் நேர்ச் சாலையில் வண்டி தானாகவே நேர்கோடு பிடித்துப் போகும், அது சுகம். அதே வண்டியை மெதுவாகத் திருப்பினால் ஒரு கட்டத்துக்கு மேல் முன்சக்கரம் தானாக உள்ளே விழப் பார்க்கும். ஹேண்டிலை நாம் திருப்புவது போய், அது நம் கையை இழுக்கும். பழகியவர் பின் பிரேக்கை லேசாக மிதித்து, கிளட்சைப் பாதியில் வைத்துச் சமாளித்துவிடுவார். புதியவர் பயத்தில் முன் பிரேக்கைப் பிடிப்பார். ஹேண்டில் ஒடிந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள நீளம். ரெபெல், வி ஸ்டார், எஸ்40 மூன்றும் 1480, 1490 மி.மீ. பக்கத்தில் நிற்கின்றன. மீட்டியார் வெறும் 1400. நான்கில் உயரமானதும் கனமானதும் அதுதான், ஆனால் குறுகிய சாலையில் யு-டர்ன் போட அதற்குத்தான் குறைந்த இடம் வேண்டும்.

எஞ்சினும் இதே வேகத்தில்தான் தன் குணத்தைக் காட்டும். மீட்டியாரின் 349 சிசி எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8 மி.மீ. இப்படி ஸ்ட்ரோக் நீளமான எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். 27 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (இழுக்கும் விசையும்) 4000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. சமதளத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டால் வண்டி நகர ஆரம்பிக்கும். கிளட்ச் பழகாத கைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ரெபெல் 300இன் 286 சிசி எஞ்சின் வேறு வம்சம்: சிபிஆர்300ஆர் என்ற ஸ்போர்ட்ஸ் பைக்கிலிருந்து வந்தது, விட்டம் 76, ஸ்ட்ரோக் 63. கொஞ்சம் முறுக்கினால்தான் உயிர் வரும். முதல் சில நாட்கள் சிக்னலில் ஆஃப் ஆகும், பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். ஆனால் வண்டி லேசு என்பதால் அந்தக் குறை சீக்கிரம் மறந்துவிடும். 2020க்குப் பிறகு வந்த ரெபெலில் லீவரை லேசாக அழுத்தினாலே போதும் என்றாக்கும் அசிஸ்ட் கிளட்சும் எந்த கியரில் இருக்கிறோம் என்று காட்டும் எண்ணும் சேர்ந்தன. கியர் எண் அனுபவசாலிக்கு அலங்காரம். பழகுபவர் மீட்டரில் முதலில் தேடுவதே அதைத்தான்.

வி ஸ்டார் 249 சிசி வி-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்கும் எஞ்சின். 1988இல் விராகோ 250ஆக வந்ததன் வாரிசு. நான்கில் இதற்குத்தான் உண்மையான குரூசர் முகம். ஓரமாக நிறுத்தினால் பெரிய வண்டி என்றே நினைப்பார்கள். ஓட்டமும் மென்மையானது. ஆனால் கார்புரேட்டர், சோக், டேங்குக்கு அடியில் ரிசர்வ் திருப்புகிற பெட்ரோல் டேப் எல்லாம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே இடக்கையை இறக்கி ரிசர்வுக்குத் திருப்பப் பழக வேண்டும். வாரக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு கிளம்பவே அடம் பிடிக்கும். பெருஞ்சாலையில் 100ஐ நெருங்கும்போது எஞ்சின் மூச்சு வாங்கும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது ஒரு குறையே இல்லை.

எஸ்40 விஷயத்தில் நான் கொஞ்சம் பாரபட்சமானவன். எனக்கு அந்த வண்டி பிடிக்கும். 652 சிசி முழுவதும் ஒரே சிலிண்டரில். விட்டமும் ஸ்ட்ரோக்கும் 94 மி.மீ. செயினுக்குப் பதில் பெல்ட், அதனால் எண்ணெய் போடும் வேலை இல்லை. சீட் தாழ்வு, எடையும் பெரிதல்ல. பரிந்துரைப்பவர்கள் இதையெல்லாம்தான் சொல்கிறார்கள். சொல்லாமல் விடுவது, இவ்வளவு பெரிய ஒற்றை சிலிண்டர் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எப்படி நடந்துகொள்ளும் என்பது. எஞ்சினே வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிற எஞ்சின் பிரேக்கிங் பலமாக இழுக்கும். மறுபடி திறந்தால் குலுக்கும். வலது கை இன்னும் நிதானத்துக்கு வராதவர் ஒரு ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டுவதற்குள் நாலு தடவை முன்னும் பின்னும் ஆடிவிடுவார். இதோடு அந்த 35 டிகிரி ஃபோர்க்கையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது வண்டியாக வாங்குங்கள், அருமையாக இருக்கும். முதல் வண்டியாக வேண்டாம்.

அடுத்து, கால் எங்கே வைக்கிறோம் என்பது. ரெபெலில் ஃபுட்ரெஸ்ட் நடுவில் இருக்கிறது. சாதாரண பைக்கைப் போல முழங்காலை மடித்து உட்காரலாம். பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்டில் எழும்பி முதுகைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். அதன் பின் ஷாக் கொஞ்சம் கறார் என்பதால் இது தேவைப்படும். ஆனால் நிறுத்திக் காலைக் கீழே விட்டால் ஃபுட்ரெஸ்ட் சரியாகக் கால்சதையில் இடிக்கும். வண்டியைக் காலால் தள்ளிப் பின்னால் நகர்த்தும்போது எரிச்சலாக இருக்கும். மீட்டியாரில் கால் சற்று முன்னால் போய்விடுவதால் இறக்கும்போது எதுவும் இடிக்காது; முன்னும் பின்னும் மிதிக்கிற கியர் லீவர் என்பதால் ஷூவின் மேல்பக்கமும் தேயாது. பதிலுக்கு, பள்ளத்தில் எழும்ப முடியாது, அடி நேராக இடுப்புக்கு வரும். பின்னால் இன்னொருவரை ஏற்றுவது நிச்சயம் என்றால் மீட்டியார்தான். ரெபெலின் பின் சீட்டை மரியாதைக்குத்தான் சீட் என்று சொல்ல வேண்டும்.

பிரேக்கில் அதிகம் பேச ஒன்றுமில்லை. மீட்டியாரில் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். ரெபெலில் ஏபிஎஸ் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு, உள்ளதையே எடுங்கள். வி ஸ்டாரிலும் எஸ்40இலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. ஒன்று கவனிக்க வேண்டும்: நீளமாகவும் தாழ்வாகவும் உள்ள வண்டியில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு அவ்வளவாகப் போகாது. அதனால் பின் பிரேக்குக்கும் நல்ல வேலை உண்டு. பயத்தில் அதை ஓங்கி மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொள்வதும் நடக்கும். ஏபிஎஸ்ஸின் அருமை அப்போதுதான் தெரியும்.

பக்கத்தில் நிற்கும் சில வண்டிகளையும் கேட்பீர்கள். ரெபெல் 500க்கு அதே 690 மி.மீ. சீட், 471 சிசி இரட்டை சிலிண்டர், 300ஐவிட 20 கிலோவுக்கு மேல் கூடுதல். முதல் மாதத்திலிருந்தே தினமும் பெருஞ்சாலை என்றால் 300ஐத் தாண்டி நேராக இதற்கே போகலாம். முறுக்கினால் பாய்கிற சுபாவம் இதற்கு இல்லை. கவாசாகி எலிமினேட்டர் 176 கிலோ, சீட் 735 மி.மீ. ஜப்பானில் ஒரு வகை உரிமத்துக்கு 400 சிசிதான் வரம்பு, அதனால் அங்கே 398 சிசி, வெளியே 451. உயரமானவருக்கு ரெபெலைவிட இது நன்றாகப் பொருந்தும். அதே கவாசாகியின் வல்கன் எஸ் சீட் 705 மி.மீ.தான், ஃபுட்ரெஸ்டை மூன்று நிலைகளில் மாற்றி வைக்கலாம் என்பதால் குட்டையானவர்களுக்கு அதைக் காட்டுவார்கள். எலிமினேட்டரைவிட 30 மி.மீ. தாழ்வு, ஆனால் கிட்டத்தட்ட 50 கிலோ கனம். சாய ஆரம்பித்தால் ஒற்றைக் காலால் பிடித்து நிறுத்த முடியாத கனம் அது. பல நாடுகளில் பழகுபவர் உரிமத்துக்குள்ளேயே இது வந்துவிடும் என்பதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, எதை எடுப்பது? சராசரி உயரம், ஒருவர் மட்டும் ஓட்டப் போகிறார் என்றால் என் வாக்கு ஏபிஎஸ் வைத்த ரெபெல் 300க்கு. எடை, ஃபோர்க் சாய்வு, கால் வைக்கும் இடம் மூன்றும் ஒரே வண்டியில் புதியவருக்குச் சாதகமாக அமைவது அபூர்வம். கால் நீளமாக இருந்து, கூட ஒருவரையும் ஏற்ற வேண்டும், அவசரமில்லாத நீண்ட பயணம்தான் ஆசை என்றால் மீட்டியார். ரெபெலின் 11 லிட்டர் டேங்குக்கு எதிரே அதன் 15 லிட்டரும் ஒரு காரணம். உடல் சிறுத்தவர், 165 கிலோவே மலைப்பாகத் தெரிகிறது, கார்புரேட்டரைப் பார்த்துக்கொள்ளப் பொறுமை உண்டு என்றால் பழைய வி ஸ்டார். இல்லாவிட்டால் அதே குணமுள்ள, 1985 முதல் 2016 வரை வந்த 234 சிசி பழைய ரெபெல் 250.

முடிவெடுக்கும் முன் ஷோரூமில் எஞ்சினை ஆன் செய்யாமலே மூன்று வேலைகள் செய்து பாருங்கள். ஓட்டும்போது போடப்போகிற அதே ஷூவோடு போங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டியை உட்கார்ந்தபடியே நிமிர்த்துங்கள். இடுப்பு முறுகினால் உங்களுக்கு அது கனம். பிறகு ஹேண்டிலைக் கடைசிவரை ஒரு பக்கம் ஒடித்து, வெளிப்பக்கக் கை கிளட்சையோ ஆக்சிலரேட்டரையோ முழங்கை நீளாமல் தொடுகிறதா என்று பாருங்கள். குரூசர்களின் அகலமான ஹேண்டிலில் பலர் தோற்பது இங்கேதான், அது சீட் உயரத்தில் தெரியவே தெரியாது. கடைசியாக, காலால் தள்ளி இரண்டடி பின்னால் நகர்த்திப் பாருங்கள்.

பழைய வண்டி என்றால் லீவர் நுனி, ஹேண்டில் நுனி, ஃபுட்ரெஸ்ட் ஓரம் மூன்றிலும் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் மூன்றும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் ஒரு தடவையாவது படுத்திருக்கிறது. நின்ற இடத்தில் விழுந்ததா, ஓடும்போதா என்பதை ஃபோர்க்கும் ஹேண்டிலும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1518 என்றால் 2018ஆம் ஆண்டின் 15ஆவது வாரம். பட்டன் தேயாமல் புதுசு போல் பளபளத்தாலும் அந்த வயதுக்கு ரப்பர் இறுகிப் போயிருக்கும், புது டயர் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.