ஒரே கேள்வி, இரண்டு ஆசிரியர்கள்: கவுண்டாவின் மனிதநேயமும் நைரேரேயின் உஜமாவும்

1967ஆம் ஆண்டு பிப்ரவரியில் தான்சானியாவின் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே, 'உஜமா' எனப்படும் ஆப்பிரிக்க சோசலிசத்தை நாட்டின் கொள்கையாக்கும் அருஷா பிரகடனத்தை வெளியிட்டார். அதே ஆண்டில், பக்கத்து நாடான ஜாம்பியாவில் ஜனாதிபதி கென்னத் கவுண்டா மனிதநேயத்தைத் தன் கட்சியின் அதிகாரபூர்வக் கொள்கையாக்கினார். இருவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள், ஆழ்ந்த கிறிஸ்தவர்கள். முதியவரையும் நோயாளியையும் கைவிடாத பழைய ஆப்பிரிக்கக் கிராமத்தின் பண்பைக் கொண்டே புதிய அரசைக் கட்டிவிடலாம் என்று இருவரும் உளமார நம்பினார்கள். மேற்கின் முதலாளித்துவத்தையும் சோவியத் பாணி வர்க்கப் போரையும் இருவரும் ஒதுக்கினார்கள். கொள்கை அளவில் இவர்களைப் பிரித்துக் காட்டுவது கடினம். ஆட்சி என்று வந்தபோது வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது.

எழுத்தில் வைத்துப் பார்த்தால் நைரேரேதான் உயர்ந்து நிற்கிறார். அருஷா பிரகடனம் முதலில் தலைவர்களின் கையைக் கட்டியது. கட்சித் தலைவரோ உயர் அதிகாரியோ கம்பெனியில் பங்கு வைத்திருக்கக் கூடாது, இயக்குநராக இருக்கக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, வீடு கட்டி வாடகைக்கு விடக் கூடாது. படித்த எவருக்கும் புரியும், மீறினால் கேள்வி கேட்கலாம். கவுண்டாவின் எழுத்தில் கடவுள், அன்பு, அண்டை வீட்டாருக்கான கடமை எல்லாம் உண்டு. காந்தியைப் படித்து உருகிய மனிதர் அவர். ஆனால் அந்த அன்பை ஓர் அமைச்சர் நாளை காலை அலுவலகத்தில் எப்படிச் செயல்படுத்துவது என்பதற்கு அதில் விடை மெலிதாகவே இருக்கிறது. தலைவர்களுக்கான நடத்தை விதிகள் ஜாம்பியாவில் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தன.

பணத்தின் கதை வேறு. ஜாம்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் செம்பு. 1968இல் 26 நிறுவனங்களிலும், மறு ஆண்டு செம்புச் சுரங்கங்களிலும் 51 சதவீதப் பங்கை அரசு கேட்டு வாங்கியது. 1964இல் விடுதலை கிடைத்தபோது நாட்டில் பட்டதாரிகள் ஏறத்தாழ 100 பேர்தான். செம்புப் பணம் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பல்கலைக்கழகத்தையும் எழுப்பியது. நகரத்துக்கு மலிவு விலையில் சோளமாவும் கொடுத்தது. 1975இல் செம்பு விலை சரிந்தது, கடன் ஏறியது. 1986 டிசம்பரில் சோளமாவின் விலை ஒரே அடியில் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. சுரங்க நகரங்களில் கலவரம் வெடித்துக் குறைந்தது 15 பேர் இறந்தார்கள். கவுண்டா விலை உயர்வைத் திரும்பப் பெற்றார். கிராமத்தைப் போற்றிய கொள்கை நகரத்து மாவு மூட்டைக்குள் சிக்கிக்கொண்டது அதன் பெருந்தோல்வி.

ஆனால் தான்சானியாவில் நடந்தது இதைவிட என்னை வருத்துகிறது. தெற்கே ருவுமா பகுதியில், லிட்டோவா போன்ற ஊர்களில், விவசாயிகள் தாங்களாகவே கூடிக் கூட்டு விவசாயம் செய்தார்கள்; சொந்தமாகப் பள்ளி நடத்தினார்கள்; முடிவுகளைத் தாங்களே எடுத்தார்கள். நைரேரே கனவு கண்ட உஜமா அங்கே உயிரோடு இருந்தது. அவரும் அதைப் பாராட்டினார். 1969இல் ஆளும் கட்சி அந்த விவசாயிகளின் சங்கத்தைக் கலைத்துவிட்டது. கட்சிக்கு வெளியே தானாக முளைத்தது என்பதைத் தவிர அது செய்த பிழை எனக்குத் தெரியவில்லை. 1971ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், கூட்டுப் பண்ணைத் திட்டத்தை முடுக்கிவிட வந்த மாகாண ஆணையரை இரிங்கா பகுதியின் விவசாயி ஒருவர் சுட்டுக் கொன்றார். அதைப் பார்த்தும் அரசு நிதானிக்கவில்லை. 1973இல், கிராமங்களில் குடியேறுவது கட்டாயம், 1976க்குள் முடிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் இடம் பெயர்க்கப்பட்டன. பல இடங்களில் லாரி வந்து ஏற்றிச் சென்றது, திரும்ப முடியாதபடி வீடுகள் கொளுத்தப்பட்டன. எழுத்தறிவு இயக்கத்தில் நைரேரே சாதித்தது மிகப் பெரிது. ஆனால், கொளுத்தப்பட்ட வீட்டுக்கு அது ஈடாகாது.

எதிர்க்கட்சி விஷயத்தில் இருவரையும் ஒரே தட்டில்தான் வைக்க வேண்டும். தான்சானியா 1965இலேயே ஒரு கட்சி நாடானது. கவுண்டாவின் கணக்கில் ஒரு பெயர் உறுத்துகிறது: சைமன் கப்வெப்வே. இருவரும் சின்சாலிப் பகுதியில் ஒன்றாக வளர்ந்த நண்பர்கள். துணை ஜனாதிபதியாக இருந்த கப்வெப்வே பிரிந்து சென்று 1971இல் தனிக்கட்சி கண்டார். மறு ஆண்டு அந்தக் கட்சி தடை செய்யப்பட்டது, அவர் சிறையில் அடைக்கப்பட்டார், ஆண்டு முடிவதற்குள் ஒரு கட்சி ஆட்சி சட்டமானது. தாய்க்கட்சிக்குத் திரும்பிவந்து 1978இல் தலைமைக்குப் போட்டியிட முனைந்தபோது, விதியைத் திருத்தி வாசலிலேயே நிறுத்தினார்கள். மனிதனை மையத்தில் வைப்பதாகச் சொன்ன கொள்கை, மறுத்துப் பேசிய மனிதனை அங்கே வைக்கவில்லை.

இத்தனையும் தெரிந்தே நான் கவுண்டாவின் பக்கம் சாய்கிறேன். முதல் காரணம், தெற்கு ஆப்பிரிக்க விடுதலைக்கு அவர் கொடுத்த விலை. நைரேரேயும் போராளிகளுக்குத் தாராளமாக இடம் கொடுத்தார். ஆனால் ஜாம்பியா, கடல் இல்லாத நாடு. வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்ட ரொடீஷியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) எல்லையிலேயே உட்கார்ந்திருந்தது. 1973இல் ரொடீஷியப் பிரதமர் இயன் ஸ்மித் எல்லையை மூடிவிட்டுச் சில வாரங்களில் திறக்க முன்வந்தபோது, கவுண்டா மறுத்தார். ஐந்தாண்டுக்கும் மேலாக, நாட்டின் செம்பு கடலுக்குப் போகும் தென்வழியை அவரே அடைத்து வைத்தார். சீன உதவியோடு தான்சானியாவின் துறைமுகமான தாருஸ்ஸலாம் வரை போட்ட 1,860 கிலோமீட்டர் ரயில் பாதையால் அந்த இழப்பை முழுமையாக ஈடுசெய்ய முடியவில்லை. ரொடீஷிய விமானங்கள் ஜாம்பிய மண்ணில் குண்டு வீசின. அப்போதும் தலைநகர் லுசாகாவில் தென்னாப்பிரிக்க விடுதலை இயக்கத்தின் தலைமையகம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவது காரணம், அவர் விடைபெற்ற விதம். நைரேரே 1985இல் தானே விலகியது அரிய செயல், ஆனால் நாற்காலி அவருடைய கட்சிக்குள்ளேயே கைமாறியது. கவுண்டாவோ பல கட்சித் தேர்தலுக்கு இசைந்து, தன் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே 1991 அக்டோபரில் அதை நடத்தினார். எதிர்க்கட்சி வேட்பாளர் பிரெடரிக் சிலுபா ஏறத்தாழ 76 சதவீத வாக்குகளை அள்ளினார். ராணுவம் அழைக்கப்படவில்லை, வாக்குப்பெட்டி தொலையவில்லை. 27 ஆண்டுகள் ஆண்டவர் தோல்வியை ஏற்று வெளியேறினார். தன் கொள்கைக்கு அவர் எழுதிய விளக்கங்கள் எதிலும் இல்லாத தெளிவு அந்தச் செயலில் இருந்தது.