டிக்கிக்குள் தண்ணீர் வருகிறதா? சிலிக்கான் குழாயைத் தூக்குகிற கராஜில் காரைக் கொடுக்காதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பில் அப்படிப்பட்டவர்கள் இப்போது ஏராளம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. திறந்த பிறகும், வரியோடு சேர்த்து கார் விற்பவர்கள் சொல்லும் விலையைக் கேட்டால் வாசலில் நிற்கிற இருபது வயதுக் காரின் மேல் புதிதாக ஒரு பாசம் வருகிறது. அந்தப் பாசத்தை மோப்பம் பிடித்துக் காசாக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

என்னுடையது 2003ஆம் ஆண்டு ஜப்பானிய செடான். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், கூரையில்லாத இடத்தில் நிற்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காலையில் கண்ணாடிகளின் உட்பக்கம் நீர் பூத்திருந்தது. உள்ளே புளித்த ஈர வாசனை. டிக்கியைத் திறந்து காப்பெட்டைத் தூக்கினால், உதிரிச் சில்லு வைக்கிற பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது.

தெஹிவளைப் பக்கம் டிங்கரிங், பெயின்ட் வேலை செய்கிற ஒரு கராஜ். பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இதே வேலையைச் செய்கிறவர்கள் அவர்கள் மட்டுமல்ல; செய்கிற வேலையை வைத்தே இப்படிப்பட்டவர்களை அடையாளம் காணலாம். முதலாளி டிக்கியைத் திறந்தார். ஓரத்து ரப்பரைப் பெருவிரலால் ஓரிடத்தில் அழுத்தினார். “பீடிங் போய்விட்டது சேர். மாற்றிவிட்டு உள்ளே முழுவதும் ஒரு வாட்டர் புரூவ் டிரீட்மென்ட் அடித்துவிடுவோம். பிறகு கடலுக்குள் விட்டாலும் ஒரு சொட்டு வராது.” பரிசோதனை அவ்வளவுதான். ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்றிப் பார்க்கவில்லை. காப்பெட்டைக்கூடக் கழற்றவில்லை.

பீடிங்குக்கு 18,500 ரூபாய், ‘டிரீட்மென்ட்’டுக்கு 24,000, கூலி தனி. காரைத் திரும்ப எடுத்தபோது டிக்கிக்குள் வினாகிரி வாசனை அடித்தது. புதுச் சாமான் வாசனை, இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள். தகட்டுப் பொருத்துகளிலும் மூலைகளிலும் பின்விளக்குகளின் வெளி ஓரத்திலும் வெள்ளைச் சிலிக்கான் பசை அப்பியிருந்தது.

அடுத்த பெருமழையில் முன்பைவிட அதிகத் தண்ணீர்.

திரும்பிப் போனால், இந்தமுறை குற்றவாளி பின்பக்கக் கண்ணாடி. அதைக் கழற்றிப் புதிதாக ஒட்டவேண்டுமாம். ஒட்டினார்கள்; அதற்கும் காசு; உள்பக்கத் தூண் மூடிகளின் கிளிப்புகள் உடைந்து, இன்றுவரை ஒரு பக்கம் தொங்குகிறது. மறுபடியும் தண்ணீர். மூன்றாவது விளக்கம்தான் உச்சம்: “சேர், உண்மையைச் சொன்னால் கோபிக்கக்கூடாது. இது 2016 வெள்ளத்தில் நின்ற வண்டி. பொடித் தகடு உள்ளே உக்கிவிட்டது. இதற்குச் செலவழிப்பது வீண். நல்ல விலைக்கு எடுக்க என்னிடம் ஆள் இருக்கிறது.”

2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் கடுவெலையும் மூழ்கியது உண்மை. அந்த வருடம் இந்தக் கார் என்னிடம் வெள்ளவத்தையில் நின்றது என்பதும் உண்மை. அவருக்கு அது தெரியாது. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்: வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கண்டுபிடிக்க ஆசனப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு எளிதில் போகாது. ஆசனத்தின் தண்டவாளத்திலும் அதன் ஆணிகளிலும் கறளும் மண்ணும் நிற்கும். அவர் முன்னிலையிலேயே பட்டியை முழுக்க இழுத்துக் காட்டினேன். சுத்தமான பட்டி. தொலைபேசி வந்ததுபோல் எழுந்து போய்விட்டார்.

கொட்டாஞ்சேனையில் கார்த் தகட்டு வேலை செய்கிற ஒரு முதிய டிங்கர் பாஸ் இருக்கிறார் என்று அலுவலக நண்பர் சொன்னார். அவருடைய முதல் கேள்வியிலேயே வித்தியாசம் தெரிந்தது. “தம்பி, நிற்கும்போது நனைந்து தண்ணீர் வருகிறதா, மழையில் ஓடினால்தான் வருகிறதா?” நிற்கும்போதுதான் என்றேன். “அப்படியென்றால் மேலேயிருந்து இறங்குகிறது. ஓடும்போது மட்டும் வந்தால் சில்லு அடிக்கிற தண்ணீர், கீழே தேடவேண்டும்.” இரண்டாவது கேள்வி, கார் நிற்கிற இடம் எந்தப் பக்கம் சரிவு என்பது. இடப்பக்கம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு டிக்கியில் இருந்த எல்லாவற்றையும் கழற்றினார்: காப்பெட், பக்கத்து மட்டைகள், உதிரிச் சில்லு, ஜாக். துணியால் ஒற்றி, விசிறி வைத்துக் காயவிட்டார். காய்ந்த தகட்டின் மேல், பக்கச் சுவர்களின் அடி முழுக்க, குழந்தைகளுக்குப் போடுகிற பவுடரைத் தூவினார். உதவிக்கு நின்ற இளைஞர் பின் ஆசனத்தை மடக்கி, அந்த வழியாக டோர்ச்சுடன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மூடி சாத்தப்பட்டது. டிங்கர் அண்ணை தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தார். அழுத்தமில்லாமல், மழைபோல, பம்பர் மட்டத்தில் தொடங்கி மெதுவாக மேலே ஏறினார். நான் அவசரப்பட்டு, மேலே கண்ணாடியில் அடியுங்களேன் என்றபோது அவர் சிரித்தார். “மேலே அடித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும். எந்த வாசலால் போனது என்று பிறகு யாரைக் கேட்பது?”

தண்ணீர் இடப்பக்கப் பின்விளக்கின் மேல் ஓரத்தைத் தொட்ட சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. பவுடரில் ஒரு கோடு. விளக்கின் பின்னாலிருந்து இறங்கி, பக்கத் தகட்டின் மடிப்போடு ஓடி, சில்லுப் பள்ளத்தில் விழுகிறது. ஓட்டுக்கூரை ஒழுகும்போது சொட்டுகிற இடம் ஒன்றும் உடைந்த ஓடு வேறொன்றுமாக இருப்பதுபோலத்தான் இதுவும். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தைப் பார்த்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே பூசுகிறவருக்கு வேலை தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும்.

விளக்கைக் கழற்றினால், அதற்கும் காரின் தகட்டுக்கும் இடையில் இருக்கவேண்டிய பஞ்சு ரப்பர் காய்ந்து, விரலில் பொடியாக உதிர்ந்தது. இருபது வருட வெயிலில் அது இயல்பு. தெஹிவளைக்காரர்கள் அந்த விளக்கைக் கழற்றவேயில்லை; வெளி ஓரத்தில் மட்டும் சிலிக்கான் இழுத்திருந்தார்கள். அதிலும் கீழ்ப்பக்கம் தடிப்பாகவும் மேற்பக்கம் இடைவெளியோடும். மேலிருந்து விளக்கின் பின்னால் போகிற மழைநீர் முன்பு கீழ் ஓரத்தால் வெளியே வழிந்துவிடும். அந்த வழியை அடைத்துவிட்டதால் முழுவதும் உள்ளே. காசு கொடுத்த பிறகு தண்ணீர் கூடியதற்குக் காரணம் இதுதான்.

அதைவிட மோசமானது பள்ளத்தின் அடியில் இருந்தது. அங்கே தண்ணீரை வெளியேற்ற ஒரு ரப்பர் தக்கை உண்டு. அதன் மேலும் சிலிக்கானைக் கொட்டி, கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் ஏற்கெனவே தோலாக உரிந்து வந்தது, சிலிக்கானில் பெயின்ட் பிடிக்காது. அடியில் தகடு செம்மஞ்சளாகக் கறள் பிடித்திருந்தது. அந்த வினாகிரி வாசனைக்கு விளக்கம் அப்போதுதான் கிடைத்தது. குளியலறைக்குப் பாவிக்கிற மலிவுச் சிலிக்கான் காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுகிறது. வினாகிரியில் இருப்பதும் அதுவே. பெயின்ட் உரிந்த வெறும் இரும்பில் அதைப் பூசினால் அதுவே அரிக்கத் தொடங்கும். கார்த் தகட்டுப் பொருத்துகளுக்கென்று பொலியூரித்தேன் சீலர் இருக்கிறது, அது தகட்டைப் பிடிக்கும், மேலே பெயின்டும் ஏறும். விளக்குக்குப் பியூட்டைல் நாடா போதும். பிசின்போல மிருதுவாகவே இருக்கும், நாளைக்கு பல்ப் மாற்றக் கழற்றினாலும் விளக்கு உடையாது.

புது பீடிங் கதையும் இருக்கிறது. தொழிற்சாலையில் வருகிற டிக்கி ரப்பர் ஒரே வளையமாக வரும். அதன் பொருத்து நேர்த்தியாக ஒட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் பூட்டுக்கு நேரே, கீழ் நடுவில் வைப்பார்கள். எனக்குப் போட்டிருந்தது மீட்டர் கணக்கில் உருளையிலிருந்து வெட்டிய பொது ரப்பர். பொருத்து வலப்பக்க மேல் மூலையில், விரல் நுழையும் இடைவெளியோடு வாயைத் திறந்துகொண்டிருந்தது. அண்ணை பத்திரிகைத் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, ரப்பரின் மேல் வைத்து மூடியைச் சாத்தி இழுத்தார். பிடிக்கிற இடத்தில் தாள் கிழியவேண்டும், அல்லது இறுகி நிற்கவேண்டும். மூலையில் அது வழுக்கிக்கொண்டு வந்தது. சுற்றிவர இதைச் செய்து பார்க்க எந்த மெக்கானிக்கும் தேவையில்லை, நீங்களே செய்யலாம். 18,500 ரூபாய்க்கு அசல் ரப்பர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பழைய கார் உதிரிப்பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் இதே மாடலின் பாவித்த அசல் வளையத்தை, மிருதுவாக இருக்கிறதா என்று முழுக்கத் தடவிப் பார்த்து, அதில் மூன்றிலொரு பங்கு விலைக்கும் குறைவாக வாங்கினேன். கழற்றிய பழைய ரப்பரைத் தரும்படி தெஹிவளையில் கேட்டபோது, எறிந்துவிட்டோம் என்றார்கள். கழற்றுகிற எந்தச் சாமானையும் உங்களிடமே தரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கொட்டாஞ்சேனையில் பெரும்பகுதிக் கூலி கசிவுக்குப் போகவில்லை, சிலிக்கானைச் சுரண்டுவதற்குப் போனது. ஒரு மெல்லிய படலம் மிஞ்சினாலும் புதுச் சீலர் அதில் ஒட்டாது. கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசி, தக்கைக்குப் புது ரப்பர் போட்டு, இரண்டு விளக்குகளுக்கும் நாடா சுற்றினார். வலப்பக்கம் ஒழுகவில்லையே என்றேன். அதுவும் அதே வயதுதானே என்றார். முடிந்ததும் என்னையே உள்ளே படுக்கச்சொல்லிக் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டும் இல்லை. அதற்குப் பிறகுதான் காசைப் பற்றிப் பேசினார். கண்ணாடிக்கு நான் தெஹிவளையில் கொடுத்த தொகையைக்கூட அது எட்டவில்லை.

காசைத் திரும்பக் கேட்டுத் தெஹிவளைக்குப் போனேன். “ரப்பருக்குத்தான் உத்தரவாதம் சேர், தண்ணீருக்கு இல்லை” என்றார் முதலாளி. இந்த வசனத்தை நான் கற்பனை செய்யவில்லை. அவர் தந்த பில் துண்டில் கராஜின் பெயர் இல்லை, ‘டிக்கி வேலை’ என்ற இரண்டு சொற்களும் தொகையும் மட்டும். நான் காசை வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருந்தபடியால் ஆதாரம் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேரவேண்டும். “இன்னொரு மழை பார்ப்போம் சேர்” என்று கராஜ்காரர் இழுத்தடிப்பதில் அந்தக் காலம் கரைந்துவிடலாம், கவனம். எப்படிச் செய்வதென்று அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். படங்கள், பணம் அனுப்பிய பதிவு, அந்தத் துண்டு, வெட்டிய ரப்பர் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

ஏற்கெனவே எங்காவது இந்த ‘டிரீட்மென்ட்’ செய்துகொண்டவர்கள் உதிரிச் சில்லைத் தூக்கி, பள்ளத்தின் அடியில் தக்கை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். சிலிக்கானால் மூடியிருந்தால் பிளேடால் வெட்டித் திறந்து, தேங்கிய தண்ணீரை வடித்து, தக்கையைத் திரும்பப் பொருத்துங்கள். பல செடான்களில் பின் ஆசனத்தின் அடியில்தான் பெற்றோல் பம்பின் வயர்கள் போகின்றன. ஈரம் அங்கே ஏறினால் பிறகு டிக்கியோடு நிற்காது.