சீனாவுல இருந்து டீச்சரா, உள்ளூர்ல மாண்டரின் கத்துக்கிட்ட டீச்சரா?

ஸ்கூல்ல மாண்டரின், அதாவது சீன மொழி, ஆரம்பிக்கணும்னாலே முதல்ல வர்ற குழப்பம் இதான். தாய்மொழியா பேசுறவங்கள எடுத்தா உச்சரிப்பு பத்தி கவலையே இல்ல, அந்த பாஷைல நாலு டோன் (குரலோட ஏத்த இறக்கம்) இருக்கு, அது மாறினா அர்த்தமே மாறிடும், 'மாய்'னு மூணாவது டோன்ல சொன்னா வாங்குறது, அதையே நாலாவது டோன்ல சொன்னா விக்கிறது, புள்ளைங்க காதுல இது ஆரம்பத்துலயே சரியா விழலன்னா அப்புறம் திருத்துறது பெரும்பாடு. ஆனா விசா, டீச்சிங் லைசென்ஸ்னு அலையணும், ரெண்டு வருஷத்துல அவங்க ஊருக்குக் கிளம்பிட்டா மறுபடி முதல்ல இருந்து. அதைவிட முக்கியம், தாய்மொழிங்கிறதால பாடம் நடத்த வந்துடும்னு இல்லைங்க. ஒரு பையன் எழுந்து 'லெ'ங்கிற எழுத்தை ஏன் இங்க போடுறோம்னு கேட்டா "நாங்க அப்படித்தான் சொல்வோம்"னு முடிச்சிடுறவங்க உண்டு.

உள்ளூர் டீச்சர் அதே இடத்துல தடுக்கி விழுந்து எழுந்தவங்க, சட்டுன்னு விளக்கிடுவாங்க. கிளாஸை அடக்குறது, பெற்றோர்கிட்ட பேசுறது எல்லாம் ஈஸி.

சிக்கல் டோன்தான். ஹெச்எஸ்கேங்கிற சீன மொழித் திறன் பரீட்சைல ஆறாவது லெவல்னு சர்டிபிகேட் காட்டினதும் மயங்கிடாதீங்க, பேசுறதுக்கு ஹெச்எஸ்கேகேன்னு தனி பரீட்சை இருக்கு, அந்த மார்க்கையும் கேளுங்க.

என் ஓட்டு உள்ளூர் டீச்சருக்குத்தான், ஆனா கண்ண மூடிக்கிட்டு இல்ல. புள்ளைங்கள உட்கார வெச்சு 20 நிமிஷம் டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்லுங்க, பக்கத்துல தாய்மொழிக்காரர் ஒருத்தர் காது கொடுத்துக் கேட்கட்டும்.