காசிமேட்டுல வாரக் கிஸ்தி குரூப் லோன்: வாங்கலாமா, வேணாமா?

வட சென்னைல காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் குப்பம் பக்கமெல்லாம் குரூப் லோன், அதாவது அஞ்சு பொம்பளைங்க ஒரு குரூப்பா சேந்து கம்பெனிகிட்ட வாங்கி வாராவாரம் கட்டற கடன், வாங்காத வீடு ரொம்ப கம்மி. தெருவுல ஏதாவது ஒரு வீட்டு வாசல்ல பத்து பதினஞ்சு பொம்பளைங்க லோன் கார்டை கைல வெச்சுகினு உக்காந்திருப்பாங்க, பைய மாட்டிகினு வந்த கம்பெனி பையன் டேப்ல என்ட்ரி போட்டுட்டிருப்பான், அதான் கிஸ்தி வசூல் பண்ற செண்டர் மீட்டிங். எங்க சின்னம்மா ஹார்பர்ல ஏலம் எடுத்து மீன் விக்கிறவங்க, சித்தப்பா விசைப்படகுல போறவரு. சின்னம்மா இந்த லோன் எடுத்து முழுசா கட்டி முடிச்சாச்சு. கார்டு, கணக்கு எல்லாம் பாத்துகிட்டது நான்தான். நான் காலேஜ்ல எகனாமிக்ஸ் படிச்சவ, அதனால இந்த லோன் எங்கேர்ந்து வந்துச்சு, யாருக்காக செஞ்சது, நம்ம ஏரியாவுக்கு ஒத்து வருதான்னும் சேத்தே எழுதறேன். கம்பெனி பேர் போடல, ஏன்னா விஷயம் ஒரு கம்பெனியோடது இல்ல, இந்தப் பக்கம் நான் பாத்த வாரக் கடன் எல்லாமே ஏறக்குறைய இதே மாதிரிதான் ஓடுது.

முதல்ல நல்லதை சொல்லிடறேன். லோன் 40,000, வாரம் கிட்டத்தட்ட 870 ரூபா, 52 வாரம். கணக்கு போட்டா வட்டி வருஷத்துக்கு 25 சதவீதம் பக்கத்துல வருது. பேங்க் நகைக்கடனோட வெச்சுப் பாத்தா அதிகம்தான், ஆனா நம்மாளுங்க வழக்கமா போறது பேங்குக்கு இல்லியே, தண்டலுக்குதானே. தண்டல்ல 10,000 கேட்டா கைக்கு 8,500 வரும், தினம் நூறு ரூபான்னு நூறு நாள் கட்டணும், அதை வருஷக் கணக்குல போட்டுப் பாருங்க, நூறு சதவீதத்தை எப்பவோ தாண்டிடும். அந்த வகையில குரூப் லோன் நெஜமாவே ஒரு பெரிய விடுதலை. அடகு வைக்க நகை வேணாம், வீட்டுப் பத்திரம் வேணாம். சின்னம்மா அந்த காசுல பெரிய ஐஸ் பெட்டி ரெண்டு வாங்கினாங்க, ஏலத்துல மத்தவங்க கிட்ட காலைல கைமாத்து வாங்கி சாயங்காலம் வட்டியோட குடுக்கறது நின்னுச்சு. இது எவ்ளோ பெரிய விஷயம்னு மீன் விக்கிற வீட்டுல பொறந்தவங்களுக்கு தெரியும்.

இப்ப பிரச்சனைக்கு வரேன். மீட்டிங் காலைல ஒம்பது மணிக்கு. ஏலம் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும், மீனை எடுத்துகினு மார்க்கெட்டுக்குப் போய் ஒக்காந்து விக்கிற நேரமே எட்டுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும்தான், வெயில் ஏறிட்டா பாதி விலைக்குதான் போவும். அந்த நேரத்துல கடைய விட்டுட்டு வந்து மீட்டிங்ல ஒக்காரணும்னா அன்னிக்கு வியாபாரம் போச்சு. மாத்தி சாயங்காலம் வெச்சுக்கலாமேன்னு கேட்டதுக்கு, எல்லா ஊர்லயும் இப்டிதான் அக்கா, சிஸ்டம் அப்டின்னு அந்த பையன் சொன்னான். அவன் மேல கோவம் இல்ல, அவனுக்கும் மேல டார்கெட் வெச்சிருக்காங்க.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம். கிழக்கு கடற்கரைல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. சின்ன பைபர் படகுங்க போகும், ஆனா வர்ற மீன் கொஞ்சம், ஏல விலை தலைக்கு மேல, சின்ன வியாபாரிங்க எடுக்க முடியாது. சின்னம்மா வீட்டுல அந்த ரெண்டு மாசம் சித்தப்பா சம்பாத்தியமும் இல்ல, சின்னம்மா வியாபாரமும் இல்ல. ஆனா வாரக் கிஸ்தி மட்டும் வாரா வாரம் வந்து நிக்கும். ஒம்பது வாரம், வாரம் 870ன்னா 7,830 ரூபா. தடைக்காலத்துக்கு அரசாங்கம் மீனவக் குடும்பத்துக்கு குடுக்கற நிவாரணம் எவ்ளோ தெரியுமா, 8,000. ரெண்டு மாசம் அரிசி பருப்பு வாங்கன்னு குடுக்கற காசு அப்டியே கிஸ்திக்குப் போயிடுது, வீட்டுக்கு மிச்சம் 170 ரூபா. நிவாரணம் கைக்கு வர்றதுக்குள்ள நாலு வாரம் ஓடிடுச்சு, அந்த நாலு வாரத்தையும் எங்க சின்னம்மா தண்டல் வாங்கிதான் கட்டினாங்க. எந்தக் கடன்லேர்ந்து காப்பாத்தணும்னு இந்த லோன் வந்துச்சோ அதுக்கே திரும்ப தள்ளி விட்டுச்சு. எனக்கு தாங்க முடியாத இடம் இதுதான்.

ஒருத்தர் கட்டலன்னா குரூப்ல மத்தவங்க சேந்து கட்டணும்னு ஒரு ரூல் இருக்கு இல்லியா, அதுவும் இங்கதான் உடையுது. குரூப்ல அஞ்சு பேருமே மீன்காரங்க, இல்லன்னா கருவாடு போடறவங்க, இல்லன்னா ஐஸ் கம்பெனிக்குப் போற வீடு. தடை வந்தா எல்லாருக்கும் ஒண்ணா வரும், புயல் வந்தாலும் ஒண்ணா வரும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவினப்போ அந்தப் பக்கம் ஊரே ஒண்ணா ஒக்காந்துச்சு. எல்லாரும் ஒண்ணா கவுந்தா யாரை யார் தூக்கறது? கட்டலன்னு ஒருத்தர் வீட்டு வாசல்ல மத்த நாலு பேரை ஒக்கார வெச்சா காசு வராது, பேச்சுவார்த்தைதான் அறுந்து போவும், ஒரே தெருவுல பொண்ணு குடுத்து எடுத்த குடும்பங்க வேற.

சரி, இந்த மாடல் எங்கேர்ந்து வந்துச்சு? பங்களாதேஷ்ல சிட்டகாங் பக்கத்துல ஜோப்ராங்கற கிராமம். 1976ல முகமது யூனுஸ்னு ஒரு எகனாமிக்ஸ் புரொபசர் அங்க மூங்கில் ஸ்டூல் செய்யறவங்க மாதிரி 42 பேருக்கு மொத்தமா 27 டாலர் கைக்காசு குடுத்து ஆரம்பிச்சாரு, 1983ல அது கிராமீன் பேங்க் ஆச்சு, 2006ல அவருக்கும் பேங்குக்கும் சேத்து நோபல் அமைதிப் பரிசு. அஞ்சு பேர் குரூப், வாரா வாரம் சம தவணை, ஒரு வருஷத்துல முடியணும், எல்லாம் அங்க வந்ததுதான். நெல்லு குத்தறது, பால் மாடு, கோழின்னு கொஞ்சம் கொஞ்சமா வாராவாரம் காசு பாக்கற வேலைக்கு அது பொருந்துச்சு. ஆனா 1998 வெள்ளத்துல நாட்டுல பெரும்பகுதி தண்ணில நின்னப்போ அங்கயும் இதே கதைதான், எல்லாராலயும் ஒண்ணா கட்ட முடியல. அப்புறம் 2001 வாக்குல கிராமீனே தன்னோட ரூலை மாத்திக்கிச்சு. தவணைய ஆளுக்கேத்த மாதிரி வெச்சுக்கலாம், கஷ்டம் வந்தா நீட்டிக்கலாம், ஒருத்தருக்காக இன்னொருத்தர் கட்ட வேணாம்னு போயிட்டாங்க. கண்டுபிடிச்ச ஊரே கைவிட்ட ரூலை நம்ம காசிமேட்டுல இன்னிக்கும் சிஸ்டம்னு சொல்றாங்க.

மாத்தினா கம்பெனி நஷ்டமாயிடுமேன்னு கேப்பாங்க. இதெல்லாம் சோதிச்சுப் பாத்திருக்காங்க. கொல்கத்தால வாரத் தவணைக்கு பதிலா மாசத் தவணை வெச்சுப் பாத்தாங்க, கட்டாம விட்டவங்க எண்ணிக்கை கூடல, கடன் வாங்கினவங்களுக்கு மனக் கவலைதான் குறைஞ்சுச்சு. அதே ஊர்ல லோன் குடுத்து ரெண்டு மாசம் கழிச்சு முதல் தவணை கட்டினா போதும்னு இன்னொரு சோதனை, அதுல தொழில்ல போட்ட காசும் லாபமும் கூடுச்சு, ஆனா கட்டாம விட்டவங்களும் கொஞ்சம் கூடினாங்க. அதையும் மறைக்கக் கூடாது, அதனாலதான் கம்பெனிங்க பயப்படுது. பிலிப்பைன்ஸ்ல குரூப் பொறுப்பையே எடுத்துட்டு தனித்தனி லோனா மாத்தினாங்க, கட்டறது குறையவே இல்ல. பொலிவியால 1992ல வந்த பான்கோசோல் பேங்க்கும் குரூப் லோன்லதான் ஆரம்பிச்சுச்சு, லா பாஸ் மாதிரி டவுன்ல மார்க்கெட்ல கடை போடறவங்கதான் கஸ்டமர், நம்மள மாதிரியே. போகப் போக அவங்க தனிநபர் லோனுக்கு மாறிட்டாங்க, ஏன்னா டவுன் வியாபாரிக்கு வேண்டிய தொகையும் நேரமும் ஆளுக்கு ஆள் வேற.

லோன் மட்டும் இல்ல, வறுமை ஒழிக்கிற எந்த திட்டத்தை எடுத்தாலும் இடத்துக்கும் ஆளுக்கும் ஏத்த மாதிரி மாத்தணும்ங்கற இதே பாடம்தான் வருது. பங்களாதேஷ்ல பிராக்னு ஒரு அமைப்பு 2002ல ரொம்ப ஏழைக் குடும்பத்துக்கு லோன் குடுக்காம ஆடு மாடே குடுத்து, கொஞ்ச நாளைக்கு சாப்பாட்டுக்கு காசும் குடுத்து, வாரா வாரம் ஆள் அனுப்பி சொல்லித் தர்ற திட்டம் ஆரம்பிச்சாங்க. அதே மாதிரிய எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெருன்னு ஆறு நாட்டுல செஞ்சு பாத்து 2015ல ரிசல்ட் வந்துச்சு. பெரும்பாலான நாட்டுல நல்ல பலன், நம்ம மேற்கு வங்கத்துலயும் ரொம்ப நல்லா வந்துச்சு. ஹோண்டுராஸ்ல மட்டும் ஊத்திக்கிச்சு, அங்க நிறைய பேர் எடுத்தது கோழி, நோய் வந்து கோழியெல்லாம் செத்துப் போச்சு. இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம ஹவுசிங் போர்டு பிளாக்தான் ஞாபகம் வந்துச்சு, மூணாவது மாடில ஆட்டை எங்க கட்டறது? அதே திட்டம் இங்க வரணும்னா ஆட்டுக்கு பதிலா ஐஸ் பெட்டி, தள்ளுவண்டி, எடை மெஷின்னு வரணும்.

நம்ம ஊர் அரசாங்கம் சில இடத்துல இதை சரியா செஞ்சிருக்குன்னும் சொல்லணும். மெக்சிகோல 1997ல ப்ரோக்ரேசான்னு ஒரு திட்டம், புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பினா அம்மாவுக்கு காசு. அதை அப்டியே இங்க கொண்டாந்தா அவ்ளோ பிரயோஜனம் இல்ல, சத்துணவு எல்லாம் போட்டு நம்ம புள்ளைங்க ஏற்கனவே ஸ்கூலுக்குப் போகுது, பொண்ணுங்க நிக்கறது பிளஸ் டூக்கு அப்புறம்தான். 2022 செப்டம்பர் 5ந்தேதி நம்ம பாரதி மகளிர் கல்லூரில ஆரம்பிச்ச புதுமைப்பெண் திட்டம் அந்த இடத்தைதான் பிடிச்சுச்சு, அரசுப் பள்ளில படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் ஆயிரம். சின்னம்மா பொண்ணுக்கு அது வருது, பஸ் டிக்கெட்டும் இல்ல, அந்தக் காசு அவ புக்குக்கும் சாப்பாட்டுக்கும் சரியா இருக்கு. 1999ல உலக வங்கியும் ஐ.எம்.எஃப்.ங்கற சர்வதேச நாணய நிதியமும் கூட, கடன் தள்ளுபடி வேணும்னா ஒவ்வொரு ஏழை நாடும் தன் வறுமை ஒழிப்புத் திட்டத்தை தானே எழுதணும்னு சொன்னாங்க. எழுதி வந்த திட்டமெல்லாம் பாதி ஒரே மாதிரி இருக்குன்னு அப்பவே நிறைய பேர் குறை சொன்னாங்க. நாட்டுக்கு நாடு மாறணும்ங்கறது பெரிய பேச்சு, எண்ணூர் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கம்பெனி, அதுக்குள்ளயே ரெண்டு விதமா மாறணும். மாச சம்பளம் வாங்கற கான்ட்ராக்ட் லேபர் வீட்டுக்கு வாரக் கிஸ்தி ஒத்து வராது, மீன்கார வீட்டுக்கு ஏப்ரல் மே கிஸ்தி ஒத்து வராது.

இதுக்கு பதிலா என்ன இருக்குன்னு கேட்டா, மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டுல இது 1989ல தர்மபுரில ஆரம்பிச்சது. முதல்ல சேமிப்பு, அப்புறம் உள்ளுக்குள்ளயே கடன், அப்புறம்தான் பேங்க் லோன். வர்ற வட்டி குழுவுக்குள்ளயே நிக்கும், தடைக்காலத்துல அசல் வேணாம், வட்டி மட்டும் கட்டுன்னு குழுவே தீர்மானம் போட்டுக்கலாம், எங்க தெருவுல ஒரு குழு அப்டிதான் செய்யறாங்க. ஆனா அதுவும் சும்மா கிடைக்காது, பேங்க் லோன் வர மாசக்கணக்கா ஆகும், கணக்கு நோட்டு எழுத ஒருத்தர் வேணும், வாடகை வீடு மாறிகிட்டே இருக்கறவங்களால குழுவுல நிலைச்சு நிக்க முடியாது. அவசரத்துக்கு ஒரு வாரத்துல காசு வேணும்னா குரூப் லோன்தான் வேகம், அதை ஒத்துக்கணும்.

வாங்கறதா இருந்தா இதைத் தெரிஞ்சுகிட்டு வாங்குங்க. ரிசர்வ் பேங்க் 2022ல போட்ட ரூல் படி, குடும்பத்தோட மொத்த கடன் தவணை மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக் கூடாது. வட்டி, கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் போட்ட விவரத் தாள் உங்களுக்குப் புரியற மொழில குடுக்கணும். முன்கூட்டியே அடைச்சா அபராதம் கிடையாது. காலைல 9க்கு முன்னாடி, சாயங்காலம் 6க்கு மேல வசூலுக்கு போன் பண்ணக் கூடாது. முக்கியமா, தவணை எப்போ எப்போங்கறதை கடன் வாங்கறவங்க தேவைக்கேத்த மாதிரி வெச்சுக்கற கொள்கை ஒவ்வொரு கம்பெனிலயும் இருந்தே ஆகணும்னு அந்த ரூல்லயே இருக்கு. அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மாசத் தவணை வேணும், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தவணை வேணாம், அந்த ரெண்டு மாசத்தை கடைசில சேத்துக்கோங்கன்னு எழுதிக் கேளுங்க. தனியா கேக்காதீங்க, குரூப்ல எல்லாரும் சேந்து கேளுங்க. அந்த பையன்கிட்ட மட்டும் கேட்டா வேலைக்காவாது, பிராஞ்ச் மேனேஜருக்கு லெட்டரா குடுத்து சீல் வெச்ச காப்பி வாங்கிக்கோங்க.

ரேட்டிங் சொல்லணும்னா, காசு கைக்கு வர்ற வேகத்துக்கு அஞ்சுக்கு நாலு, வட்டிக்கு மூணு, மீன் தொழில் செய்யறவங்களுக்கு ஒத்து வர்ற தவணைக்கு ஒண்ணுக்கு மேல என்னால போட முடியல. சின்னம்மா அடுத்த லோனுக்கு கையெழுத்து போடல, தடைக்கால லீவு எழுத்துல குடுத்தா போடறேன்னு லெட்டர் குடுத்திருக்காங்க, அந்த தெருவுல இன்னும் சில பேரும் கூட கையெழுத்து போட்டிருக்காங்க. ராயபுரம், எண்ணூர், பழவேற்காடு பக்கம் யாருக்காவது இந்த மாதிரி ரெண்டு மாச லீவோட லோன் கிடைச்சிருந்தா எப்டி கேட்டீங்க, என்ன எழுதினீங்கன்னு சொல்லுங்க, எங்க லெட்டர்ல சேத்துக்கறோம்.