ஆறரை இலட்சம் போய்விட்டது: ருமேனியா வேலை தேடும் எங்கள் பக்கத்துப் பெடியள் கவனம்

பஸ்ஸில் வரும்போதே எழுதத் தொடங்கியது இது. ருமேனியா வேலைக்கென்று ஏஜென்சிக்குக் கொடுத்த 6,50,000 ரூபாய். இன்று போய்ப் பார்த்தால் ஷட்டர் பூட்டு, போர்டையும் காணோம்.

எங்கள் ஊர் கொக்குத்தொடுவாய், முல்லைத்தீவின் எல்லைக் கிராமம். 1984 இல் துரத்தப்பட்ட சனம், போர் முடிந்த பிறகுதான் திரும்பியது. அப்பப்பாவின் காணி பெர்மிட் கையில் இருக்கிறது, வயல் அரசின் மகாவலித் திட்டத்தின் ‘எல்’ வலயத்துக்குள் போய்விட்டது. ஏ.எல். முடித்த பெடியனுக்கு இங்கே என்ன இருக்கிறது? ஆகவே வெளிநாடு.

வவுனியாவில் ஒரு ஏஜென்சி. ஏசி அறை, சுவர் நிறையக் கொடிகள். நான் நம்பியது அதைப் பார்த்து அல்ல. அங்கே இருந்த அண்ணன் காசுக் கதையே எடுக்கவில்லை. “தம்பி, 2009 இல எந்த முகாம்?” என்றுதான் கேட்டார். போர் முடிவில் எங்கள் சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில், இராமநாதன் முகாம் என்றேன். “நான் ஆனந்தகுமாரசுவாமி முகாம். தண்ணி பவுசருக்குப் பின்னால ஓடினது ஞாபகம் இருக்கா?” என்று சிரித்தார். எனக்கு அப்போது 9 வயது, பவுசர் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவரிடம் ரசீது கேட்கக் கூச்சமாகிவிட்டது. எங்கள் வயதுக்காரர் யார் போனாலும் முதல் கேள்வி அதுதானாம். ஆள் முகாமில் இருந்தாரோ என்பதே இப்போது சந்தேகம்.

பாதி அக்காவின் நகை அடகு. மீதி அம்மா எடுத்த நுண்கடன். ஆறரை இலட்சத்தையும் கையில் எண்ணிக் கொடுத்தேன்.

அப்புறம்? “அடுத்த கிழமை.” “தூதரகத்தில லீவு தம்பி.” “டென்ஷன் ஆகாதீங்க, உங்கட ஃபைல் மேலதான் இருக்கு.” ஐந்து மாதம் இப்படி. பிறகு போன் எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் தடுத்துவிட்டார். முறைப்பாடு கொடுக்கப் போனால், காசு கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே என்கிறார்கள். 6,50,000 ரூபாய்க்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்து, ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு சதம் கொடுக்காதீர்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். முகாம் கதை கதைப்பவரிடம் இரண்டு மடங்கு கவனம்.

என் பாஸ்போர்ட் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை லோன்காரர் வீட்டுக்கு வருவார்.